சுரண்டுவதற்கு முன்னால் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள்

வீட்டில் பழைய தேக்குச் சாமான் ஒன்று இருக்கிறது, அதைப் புதுசாக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அடுத்து கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த சாண்டிங் மெஷின் வாங்கலாம்?" எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். பணம் மிச்சமாகட்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மேசை மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று தெரியாமல் மெஷினை வைத்தால், எடுக்கத் தேவையே இல்லாத ஒன்றை எடுத்துவிட்டு, அப்புறம் அதே மாதிரி கொண்டுவர மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நான் பார்த்த பழைய சாமான்களில் பாதிக்கு மேல் உரிக்கத் தேவைப்படாதவை. மேலே அழுக்கு, கீழே நல்ல பாலிஷ், அவ்வளவுதான்.

நம் பக்கத்து வீடுகளில் பழைய மரச்சாமான் மேல் இருப்பது பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். மேசை, நாற்காலி, பீரோ என்றால் அரக்கு பாலிஷ், அதாவது ஃபிரெஞ்ச் பாலிஷ். கதவு, ஜன்னல் என்றால் கோப்பால் வார்னிஷ் அல்லது எனாமல் பெயிண்ட். கொஞ்சம் பின்னால் வந்தவை என்றால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், அதற்கும் பிறகு மெலமைன், இப்போது எல்லாவற்றுக்கும் பியூ, அதாவது பாலியூரிதேன். எது என்று கண்டுபிடிக்க மேசைக்கு அடியிலோ காலின் உள்பக்கத்திலோ, கண்ணில் படாத ஓர் இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி கலப்படம் செய்த ஆல்கஹால்) தொட்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்சி. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷோ மெலமைனோ பியூவோ, ஏதோ ஒன்று. அதைக் கரைத்து எடுக்க முடியாது, ரிமூவர் போட்டோ உப்புத்தாள் போட்டோதான் எடுக்க வேண்டும்.

அரக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரக்கு தன் மேல் பூசும் புது அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும். பியூவுக்கு அந்தக் குணம் கிடையாது, அது ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாகத்தான் உட்காரும். அதனால் அரக்கு போட்ட மேசையில் கீறல் விழுந்தாலும் மங்கினாலும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிட முடியும்.

அத்தை வீட்டு எழுத்து மேசை கும்பகோணத்தில் இருந்தது. கறுப்பு மேசை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். விளக்கெண்ணெய்ப் புகை, கைப்பிசுக்கு, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம், குங்குமம் எல்லாம் சேர்ந்து ஏறிய கறுப்பு அது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்தபோது பஞ்சு டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனது, மேசையில் சிவப்பாக ரேகை தெரிந்தது. "டேய், நல்லா இருக்கிற மேசையை ஏண்டா நோண்டுற?" என்று சத்தம் போட்ட அத்தை, மத்தியானத்துக்குள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அந்த ஓரத்துல இன்னும் இருக்கு பாரு" என்று வேலை வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த மேசையில் டபரா வைத்த வெள்ளை வளையங்கள் நிறைய. சூடும் ஈரமும் அரக்குக்குள் புகுந்து உண்டாக்கும் வெளுப்பு அது, மரத்துக்குள் போயிருக்காது. பழைய வேட்டித் துணியில் பஞ்சை உருட்டிக் கட்டி, அதில் நான்கைந்து சொட்டு ஸ்பிரிட் விட்டு, புறங்கையில் தட்டிப் பாருங்கள். ஈரம் ஒட்டக் கூடாது, சில்லென்ற உணர்வு மட்டும் வர வேண்டும், அவ்வளவு ஈரம் போதும். அப்புறம் வளையத்தின் மேல் நிறுத்தாமல், விமானம் தரையைத் தொட்டுக் கிளம்புவது போல, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு லேசாக வருடிக்கொண்டு போக வேண்டும். துணி நின்றால் அங்கேயே ஒட்டிக்கொண்டு தோலோடு பெயர்ந்து வரும். நாலு வருடலில் வெள்ளை மங்கும், ஒரு பத்து நிமிடம் விட்டு மறுபடி செய்தால் போயே போய்விடும். வளையம் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் அரக்கைத் தாண்டி மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்பிரிட் எங்கே கிடைக்கும் என்பது தமிழ்நாட்டில் தனிக்கதை. இங்கே அதற்கென்று சட்டமே இருக்கிறது: தமிழ்நாடு டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் மற்றும் வார்னிஷ் (ஃபிரெஞ்ச் பாலிஷ்) விதிகள், 1959. மரத்துக்குப் போடும் பாலிஷ் மதுவிலக்கு விதியின் தலைப்பிலேயே ஏறியிருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் அதைக் குடித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்தால் கோபப்படாதீர்கள். உரிமம் உள்ள கடையில் கேட்டு வாங்குங்கள். தயாராகக் கலந்த பாலிஷும் கிடைக்கும், ஆனால் அது எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. கலந்த அரக்கு பழசாகிவிட்டால் எத்தனை நாள் ஆனாலும் சரியாகக் காயாமல் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஃபெவிகால் வந்ததும் அதே 1959-ல்தான். அதற்கு முந்தைய சாமான் என்றால் மூட்டுகளில் இருப்பது வஜ்ரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை வெந்நீருக்கும் ஆவிக்கும் இளகும். ஆடுகிற நாற்காலிக் காலில் ஆணி அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். காலை மெதுவாகப் பிரித்து, கழுந்தில் (துளைக்குள் செருகும் முனையில்) காய்ந்து கிடக்கும் பழைய வஜ்ரத்தை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். பழைய பசை மேல் ஃபெவிகால் நிற்காது.

சரி, உரித்தே ஆக வேண்டிய கேஸ் எது? எனாமல் பெயிண்ட். எங்கள் வீட்டுத் தேக்கு அலமாரி அப்படிப்பட்டது. மேலே சாம்பல், அதற்குக் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை, அதற்கும் கீழே கிரீம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சுவருக்கு அடித்தபோது மிஞ்சியதை அதன் மேல் அடித்திருக்கிறார்கள் போல. நல்ல வேளையாக எல்லாவற்றுக்கும் அடியில் அரக்கு இருந்தது. அரக்கு மேல் அடித்த பெயிண்டை எடுப்பது சுலபம், ஏனென்றால் தேக்கின் துளைகளை அரக்கு ஏற்கெனவே அடைத்துவிட்டதால் பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்காது. வெறும் மரத்தின் மேல் அடித்திருந்தால் ஒவ்வொரு ரேகையிலும் பச்சை உட்கார்ந்துகொண்டு உயிரை எடுக்கும்.

பழைய எனாமலில் கை வைக்கும் முன் ஒரு விஷயம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, மெஷினால் தேய்ப்பது அதைவிட மோசம். அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவித் தரையில் உட்காரும், தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீடு என்றால் வேலையை வெளியே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், அல்லது செய்யவே செய்யாதீர்கள், பெயிண்டோடே இருந்துவிட்டுப் போகட்டும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் கறுப்பு வாட்டர்பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ஈரமாகவே துணியால் வழித்து எடுங்கள்.

மற்றபடி பெயிண்ட் ரிமூவர்தான். கடையில் கிடைக்கும் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். வேலையை நன்றாகச் செய்யும், ஆனால் பொல்லாதது. உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய குளியலறையில் இதை வைத்து வேலை பார்த்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெயிண்ட் உரிக்க இதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-லேயே தடைசெய்துவிட்டார்கள். இதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி. திருச்சியில் மே மாதம் மத்தியானம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெயிலில் வைத்த டப்பாவைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும், மரத்தில் பூசினால் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். அதனால் காலையில் சீக்கிரமாக, மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொண்டு செய்யுங்கள். கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க் தூளுக்குத்தான் ஆகும், இந்த ஆவியைத் தடுக்காது.

பிரஷ்ஷில் தாராளமாக எடுத்து ஒரே பக்கமாகப் பூச வேண்டும், முன்னும் பின்னும் இழுத்தால் மேலே ஏடு கட்டாது. பூசியதும் பாலிதீன் ஷீட்டால் மூடிவிடுங்கள். இருபது நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கி மடிப்பு மடிப்பாக எழும்பும். பட்டித் தகட்டின் இரண்டு முனைகளையும் முன்கூட்டியே கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டால் மரத்தில் கோடு விழாது. எங்கள் அலமாரியில் சாம்பலும் பச்சையும் ஒன்றாகவே சுருண்டு வந்தன, கிரீமுக்கு இன்னொரு தரம் பூச வேண்டியிருந்தது. கதவின் கடைசல் வேலைப்பாட்டுக்குள் தகடு போகாது, அங்கே தேங்காய் நாரும் பழைய டூத் பிரஷ்ஷும்தான்.

காஸ்டிக் சோடா பற்றி ஒரு வார்த்தை. கதவைக் கழற்றி வாசலில் போட்டு, சோடாவைக் கரைத்து ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து, ஒரே நாளில் உரித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். மலிவுதான். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், ரேகை பஞ்சு பஞ்சாக எழும்பும், மூட்டில் இருக்கும் வஜ்ரம் கழன்றுவிடும், சோடா சரியாகப் போகாவிட்டால் மேலே பூசுவது எதுவும் நிற்காது. எனக்கு இதில் நடுநிலை எல்லாம் கிடையாது. தேக்குக்கும் தோதகத்திக்கும் (ரோஸ்வுட்) காஸ்டிக் சோடா வேண்டாம்.

ரிமூவரில் சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க மெழுகு கலந்திருப்பார்கள். அது மரத்தின் மேல் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. உரித்து முடித்ததும் தின்னரில் நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றி, நன்றாகத் துடைத்தெடுங்கள். பாலிஷ் திட்டுத் திட்டாக விலகி நிற்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

இப்போது அந்தக் கறுப்பு வளையத்துக்கு வரலாம். தேக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு உண்டாகும். இரும்பு வாளி வைத்த இடம், துருப்பிடித்த ஆணியைச் சுற்றிய இடம் எல்லாம் இதுதான். உப்புத்தாளால் தேய்த்தால் மரம்தான் குழியும். ஆக்ஸாலிக் ஆசிட் வாங்கி, வெந்நீரில் கரைத்து, கறையில் மட்டும் இல்லாமல் அந்தப் பலகை முழுக்கப் பூசுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வட்டத்துக்குப் பதிலாக வெளுத்த வட்டம் வந்துவிடும். காய்ந்ததும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவித் துடைத்துவிட வேண்டும். இது விஷம், பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும், சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உப்புத்தாள் கடைசியில்தான். பின்பக்கத்தில் எண் போட்டிருக்கும். உரித்த மரத்துக்கு 120-ல் ஆரம்பித்து 180, 220 என்று போனால் போதும், எப்போதும் ரேகையின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்தால் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் ஒவ்வொரு கோடும் பல்லைக் காட்டும். ஒரு மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பிளைவுட் மேல் வெனீர், அதாவது மெல்லிய மரத்தாள், ஒட்டியதா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதைய வெனீர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும், இங்கே அந்தக் கொரோனா மாஸ்க் பயன்படும்.

தேய்த்து முடித்த தேக்கைப் பார்த்து நிறைய பேர் பயந்துபோகிறார்கள். ஒரு பலகை வெளுப்பு, ஒரு பலகை பச்சை கலந்த பழுப்பு, நடுவில் கறுப்புக் கோடுகள். உடனே ஓடிப்போய் "டீக்" ஸ்டெயின் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நிறமாக அடித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வெளிச்சம் படும் இடத்தில் சில நாள் சும்மா விட்டால் தானாகவே பொன்பழுப்புக்கு வந்து சேரும். தேக்குக்கு டீக் நிறம் அடிப்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். தோதகத்தி என்றால் இன்னொரு எச்சரிக்கை: அதன் நிறம் ஸ்பிரிட்டில் கசியும், பக்கத்தில் வெளிர் மரம் வைத்து இழைத்திருந்தால் அங்கேயும் ஊதாச் சாயம் ஏறிவிடும், அதனால் முதல் பூச்சில் கையைக் கட்டுப்படுத்துங்கள்.

பூசுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பகுதியில் பாலிஷ் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், எல்லோருக்கும் அவர் பாய்தான். "தண்ணியா போடுங்க தம்பி, கெட்டியா போட்டா சீக்கிரம் முடியும், ஆனா நல்லா இருக்காது" என்பார். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குச் செதில், கண்ணாடி பாட்டிலிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ராத்திரி ஊறட்டும், இரும்பு டப்பா வேண்டாம், கறுத்துவிடும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று பூச்சு பிரஷ்ஷில் போட்டு, காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தடவிவிட்டு, அதற்குப் பிறகு பஞ்சு உருண்டை. உருண்டை இழுத்தால் மேலே ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். வட்டம், எட்டு, கடைசியில் நேர்கோடு. பாய் கை நிற்பதை நான் பார்த்ததே இல்லை, உருண்டை மேசைக்கு வெளியே போன பிறகுதான் டீ கிளாஸைத் தொடுவார். மழை நாளில் மட்டும் வேலைக்கே வர மாட்டார். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப்போகும்.

அந்த அரக்கு புரசு, இலந்தை, பூவம் மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரப்பது. நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கிளையோடு விற்பதும் அதுதான். நாட்டில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில், ராஞ்சி பக்கத்து நாம்கும்மில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அரக்குதான் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசைக்கு ஆகாது, சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும். கொரோனா காலத்தில் சானிடைசர் சொட்டிச் சொட்டி வாசல் பக்கத்து மேசைகள் எல்லாம் அம்மை போட்டது நினைவிருக்கும், சானிடைசரும் ஸ்பிரிட்தானே. சாப்பாட்டு மேசைக்கு பியூ போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வெயில் நேராக அடிக்கும் தலைவாசல் கதவுக்கு மினுமினு பியூ வேண்டாம். சில வருடத்தில் உரிந்து தொங்கும், அப்புறம் அதை மொத்தமாக எடுத்தால்தான் அடுத்தது. அங்கே எண்ணெய் சார்ந்த பூச்சுதான் நல்லது, மங்கினால் துடைத்துவிட்டு மேலேயே இன்னொரு கை போடலாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

மரத்தரை பற்றியும் கேட்கிறார்கள். சமவெளியில் நமக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய பங்களாக்களில்தான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது மெழுகு. டர்பன்டைன் துணியால் அழுத்தித் துடைத்தால் மஞ்சளாக வழவழவென்று வரும். பல வருட மெழுகு இருக்கும் தரையில் பியூ பிடிக்காது. அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி மெழுகே போடுவதுதான் புத்திசாலித்தனம். தரைக்கு மட்டும் பெரிய மெஷின் நியாயமானது, ஆனால் தலை நீட்டிய ஆணிகளை எல்லாம் உள்ளே தட்டிவிட்ட பிறகு.

அலமாரிக்கு உள்பக்கம் என்ன போடுவது என்று கேட்டால், எண்ணெயும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். மூடிய இடத்தில் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது, பட்டுப்புடவையில் ஏறிக்கொள்ளும். மெல்லிய அரக்கு ஒரு கை போதும். ஒரு வாரம் கதவைத் திறந்து போட்டுவிட்டு அப்புறம் துணி அடுக்குங்கள்.